முக்கோணத்தை அழுத்து, மற்றதை ரிக்கெல்மே பார்த்துக்கொள்வான்

பத்துக்குப் பன்னிரண்டு அடிதான் இருக்கும் அந்த அறை. முன்பு மாவு மில்லாக இருந்த இடம், சுவரில் சாய்ந்தால் சட்டையில் வெள்ளையாக ஒட்டும். வியாசர்பாடியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. டி.வி.யில் வெயில் பட்டுக் கூசக் கூடாதென்று கடைக்கார அண்ணன் வாசலில் ஒரு பழைய போர்வையைத் தொங்கவிட்டிருப்பார். அதை விலக்கித் தலையை நுழைத்தால் முதலில் வேர்வை வாடை, அப்புறம் பக்கத்துக் கடை பஜ்ஜி வாடை, அப்புறம் அந்தச் சத்தம்! பத்தாயிரம் பேர் எங்கோ தூரத்தில் கூடிக் கத்துகிற மாதிரி ஓர் இரைச்சல், நான்கு டி.வி.யிலிருந்தும் ஒரே நேரத்தில். 2006 டிசம்பர், அரையாண்டுப் பரீட்சை லீவு, எனக்கு வயது 16, சட்டைப் பையில் 30 ரூபாய், மணிக்கு 15 ரூபாய் வீதம் சரியாக இரண்டு மணி நேரச் சொர்க்கம். சொர்க்கம் என்று சும்மா சொல்லவில்லை. இன்றைக்கும் யாராவது ப்ரோ எவல்யூஷன் சாக்கர் 6 என்ற கால்பந்து வீடியோ கேமைப் பற்றிப் பேச்செடுத்தால் எனக்கு வலது கைக் கட்டைவிரல் தானாக அசையும், அடக்க மாட்டேன், அடக்கவும் விரும்பவில்லை.

ஆனால் கதை அந்தக் கடையில் தொடங்கவில்லை. அதற்கு ஆறு மாதம் முன்னால், எங்கள் தெருமுனை டீக்கடை டி.வி.யில் தொடங்கியது. 2006 ஜூன் 16, வெள்ளிக்கிழமை, நம்மூர் நேரம் மாலை ஆறரைக்கு ஆட்டம். ஜெர்மனியில் கெல்சன்கிர்ச்சன். அர்ஜென்டினாவும் செர்பியா மாண்டினீக்ரோவும். எங்கள் பகுதியில் உலகக் கோப்பை என்றால் ஒரு வீட்டு மாடியில் பிரேசில் கொடி பறக்கும், எதிர் வீட்டில் அர்ஜென்டினா கொடி பறக்கும், இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மாதம் பேச்சு வார்த்தை இருக்காது. நான் அர்ஜென்டினா. 31ஆவது நிமிடம். பந்து இவன் காலிலிருந்து அவன் காலுக்கு, அவனிடமிருந்து பின்னால், பின்னாலிருந்து பக்கவாட்டில், யாரும் அவசரப்படவே இல்லை, இருபது பாஸுக்கு மேல் போய்விட்டது, செர்பியாக்காரன் ஒருத்தனால் தொட முடியவில்லை, நடுவில் அர்ஜென்டினாவின் ரிக்கெல்மே கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிற பெரியவர் மாதிரி நின்று நிதானமாக எல்லோருக்கும் பரிமாறுகிறான், சாவியோலாவிடமிருந்து காம்பியாசோ, காம்பியாசோவிடமிருந்து கிரெஸ்போ, கிரெஸ்போ திரும்பிக்கூடப் பார்க்காமல் குதிகாலால் பின்னால் ஒரு தட்டு, ஓடி வந்த காம்பியாசோ இடது காலால் ஒரே அடி! டீக்கடை மாஸ்டர் கையிலிருந்த கிளாஸ் கீழே விழுந்தது, அதற்காக அவர் வருத்தப்படவே இல்லை. ஆட்டம் 6-0. கடைசி கோல் மெஸ்ஸி என்ற 18 வயசுப் பையன் போட்டது. ஆனால் எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வராததற்குக் காரணம் காம்பியாசோ போட்ட கோல்தான். அதை என் கையால் ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. காலால் முடியாது என்று எனக்கே தெரியும், எங்கள் மைதானத்தில் மூன்று பாஸ் சேர்ந்து போனாலே யாராவது பந்தைச் சாக்கடையில் விட்டுவிடுவார்கள்.

அதனால்தான் அந்த டிசம்பரில் கடைக்கார அண்ணன் ஒரு புது வட்டைத் தூக்கிக் காட்டி "டேய், புதுசு வந்துடுச்சு, வின்னிங் லெவன்" என்றபோது எனக்கு வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. ஜப்பானில் இந்த வரிசைக்கு வின்னிங் லெவன் என்று பெயர், ஐரோப்பாவில் ப்ரோ எவல்யூஷன் சாக்கர். எங்கள் கடையில் இரண்டு பெயரும் ஓடும். கொனாமி கம்பெனியின் டோக்கியோ குழு செய்தது. அந்தக் குழுவுக்குத் தலைவர் ஷிங்கோ தகாட்சுகா என்பவர், ரசிகர்கள் மத்தியில் அவருக்கு சீபாஸ் என்று செல்லப் பெயர். காசிமேட்டில் கொடுவா என்று கேட்டால் நிறுத்துத் தருவார்களே, அந்த மீனின் ஆங்கிலப் பெயர்! ஒவ்வொரு வருஷமும் ஒரு பாகம் வரும். ஆறாவது பாகம் 2006 அக்டோபரில் ஐரோப்பாவில் வெளியானது, அட்டையில் அட்ரியானோவும் ஜான் டெரியும். அந்த அட்ரியானோவைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் மிஷினை, அதாவது பிளேஸ்டேஷன் 2ஐ, போடுங்கள். போடுகிற அந்த நிமிஷத்தை நினைத்துப் பாருங்கள். கருப்புத் திரை, நீலப் புகை மாதிரி ஒன்று கலங்கும், கீழே இருட்டிலிருந்து கண்ணாடித் தூண்கள் எழும்பும், காதுக்குள் காற்று சுழல்கிற மாதிரி ஒரு நீண்ட ஒலி. அந்தத் தூண்கள் சும்மா அலங்காரம் இல்லை. எந்தெந்த ஆட்டத்தை எவ்வளவு ஆடியிருக்கிறோம் என்று மெமரி கார்டு குறித்து வைத்திருக்கும், அதற்கேற்பத் தூண்கள் கூடும், வளரும். எங்கள் கடை மிஷினில் தூண்கள் ஒரு நகரம் மாதிரி நிற்கும். 8 எம்.பி. கொள்ளுகிற ஒரு சின்ன கருப்பு அட்டைக்குள் எங்கள் தெருப் பையன்கள் அத்தனை பேரின் சாயங்காலங்களும் இருந்தன.

இப்போது ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுங்கள். எக்ஸ் அழுத்தினால் தரையோடு பாஸ், வட்டம் அழுத்தினால் தூக்கி நெடுந்தூரப் பாஸ், சதுரம் கோலுக்கு அடி, முக்கோணம்... முக்கோணம்தான் உயிர்! ஆள் நிற்கிற இடத்துக்கு இல்லாமல் ஆள் போய்ச் சேரப் போகிற இடத்துக்குப் பந்தைத் தள்ளுகிற பட்டன் அது. ஆர்1 பிடித்தால் ஓட்டம். இவ்வளவுதான், ஐந்து நிமிஷத்தில் ஏழு வயசுப் பையனும் படித்துவிடுவான், ஏழு வருஷம் ஆடினாலும் முடிவு தெரியாது. ஏனென்றால் இந்த ஆட்டத்தில் பந்து காலில் பசை போட்டு ஒட்டிக்கொண்டு வராது. பந்து தனி, ஆள் தனி. ஓடுகிறவன் பந்தைத் தட்டிவிட்டு அதன் பின்னால் போகிறான், தட்டு கொஞ்சம் நீண்டால் எதிராளி கால் நுழைந்துவிடும். இடது காலனுக்கு வலது பக்கம் பந்து விழுந்தால் அவன் திணறுவான். உடம்பு சாய்ந்திருக்கும்போது அடித்தால் பந்து கம்பத்துக்கு மேலே பறக்கும். சதுரத்தைப் பிடித்தால் கீழே பலப் பட்டை ஏறும், பாதியைத் தாண்ட விட்டால் கோலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குப் பந்து பரிசு. 70 நிமிஷம் ஓடவிட்டவன் 80ஆவது நிமிஷத்தில் மூச்சு வாங்கி நிற்பான், ஆர்1 எவ்வளவு அழுத்தினாலும் கேட்க மாட்டான், அவன் மேல் கோபம் வராது, பாவம் என்று தோன்றும். மனுஷன் மேல் தோன்றுகிற மாதிரியே தோன்றும்! அப்படி ஒரு கோல் விழுந்தால் அந்த கோல் உங்களுடையது, மிஷின் போட்டுக் கொடுத்ததில்லை, நீங்கள் கட்டி எழுப்பியது. நூறு ஆட்டம் ஆடினேன், ஆயிரம் ஆட்டம் ஆடினேன், ஒரு கோல் மாதிரி இன்னொரு கோல் விழுந்ததில்லை, சத்தியமாக.

குறை இல்லையா என்றால், சரி, ஒன்று. இங்கிலாந்து கிளப்புகளில் பலவற்றின் பெயரைப் போட கொனாமியிடம் உரிமம் கிடையாது. லிவர்பூல் என்று இருக்காது, மெர்சிசைட் ரெட் என்று இருக்கும். முந்தைய பாகங்களில் இன்னும் விசேஷம், ராபர்ட்டோ கார்லோஸ் ராபர்ட்டோ லார்கோஸ் ஆகியிருப்பார், ஹாலந்துக்காரர்கள் ஆரஞ்சஸ் என்று போட்டு எண் மாட்டி வரிசையாக நிற்பார்கள். ஆனால் இது குறையா? எங்களுக்கு இது திருவிழா. எடிட் மோடில் நாமே பெயரை மாற்றலாம். கடைக்கார அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எங்கள் நாலு பேரை உட்காரவைத்தார். காசு கிடையாது, புரோட்டா அவர் செலவு. ஜாய்ஸ்டிக்கால் ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தி நகர்த்தி, எல், ஐ, வி என்று தேடிப் பிடித்து அழுத்தி, தினத்தாள் விளையாட்டுப் பக்கங்களைத் தரையில் விரித்துவைத்து ஸ்பெல்லிங் பார்த்து, ஒரு கிளப், இன்னொரு கிளப் என்று விடியற்காலை நாலு மணி வரை. சட்டையின் நிறம், கோடு எல்லாம் மாற்றினோம். லிவர்பூல் ஜெரார்டின் முடியைக்கூட விடவில்லை. உண்மையான பெயரோடு அச்சடித்துத் தந்திருந்தால் அந்த ராத்திரி எங்களுக்குக் கிடைத்திருக்குமா?

மாஸ்டர் லீக்கைச் சொல்லாமல் எப்படித் தாண்டுவது! கேளுங்கள். ஒரு கிளப்பை எடுத்துக்கொள்கிறீர்கள், இரண்டாம் டிவிஷனில் கிடக்கிறீர்கள், உங்களிடம் நட்சத்திரம் ஒருத்தர் கிடையாது. உலகத்தில் எங்கேயும் இல்லாத, கொனாமி தானாகப் பெற்றுப் பெயர் வைத்த ஆட்டக்காரர்கள்தான் உங்கள் சொத்து. கோல்கீப்பர் இவாரோவ். பின்னால் ஸ்ட்ரெமர், வலேனி. நடுவில் எஸ்பிமாஸ், ஷிமெலெஸ், அந்த மகராசன் மினாண்டா. முன்னால் ஓர்டாஸ், காஸ்டோலோ. ஐயோ காஸ்டோலோ! ஜெயித்தால் புள்ளி சேரும், அந்தப் புள்ளிதான் காசு, அதில்தான் புது ஆள் வாங்க வேண்டும், அதிலேயே சீசன் முடிவில் எல்லோருக்கும் சம்பளமும் கொடுக்க வேண்டும், கொடுக்க முடியாமல் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போனால் கதை முடிந்தது, கிளப்பையே மூட வேண்டியதுதான். வீட்டில் அம்மா முதல் தேதி வந்ததும் மளிகை, பால், வாடகை என்று நோட்டில் எழுதுவாளே, அதே மாதிரி நான் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன், ஸ்ட்ரெமருக்கு இவ்வளவு, மினாண்டாவுக்கு இவ்வளவு. முதல் சீசனில் ஏழு ஆட்டம் தோற்று, கையில் புள்ளி கரைந்து, கடைசி ஆட்டம் ஜெயித்தால்தான் தலை தப்பும் என்ற நிலையில் 86ஆவது நிமிஷத்தில் மினாண்டா தள்ளிய பந்தை காஸ்டோலோ தடுமாறி விழுந்துகொண்டே காலால் நெட்டித் தள்ள, அது கோல்கீப்பரின் முழங்கையில் பட்டு எகிறி மெதுவாக, மெதுவாக, உருண்டு கோட்டைத் தாண்டியபோது நான் நாற்காலியின் மேல் ஏறி நின்று அழுதேன். ஆமாம், அழுதேன். அப்படி ஒரு ஆள் பூமியில் கிடையாது, பிறந்ததே கிடையாது, அவனுக்காக அழுதேன், இன்றைக்கு நினைத்தாலும் அந்த அழுகை சரிதான் என்றே தோன்றுகிறது. பிறகு புள்ளி சேர்ந்து பெரிய பெரிய ஆட்களை வாங்கினேன். காஸ்டோலோவை மட்டும் விற்கவில்லை. பெஞ்சில் உட்காரவைத்துச் சம்பளம் கொடுத்தேன்.

வர்ணனை பீட்டர் பிராக்லியும் ட்ரெவர் ப்ரூக்கிங்கும். ப்ரூக்கிங் 1980இல் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் தலையால் முட்டி வெஸ்ட் ஹாமுக்கு வெற்றி கோல் போட்ட மனிதர் என்று எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அப்போது அவர்கள் பேசுகிற இங்கிலீஷில் பாதி புரியாது. குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை வைத்தே நல்ல அடியா வீண் அடியா என்று கண்டுகொள்வோம். பிராக்லி 2018இல் காலமானார் என்று படித்தபோது எங்கள் கடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் போய்விட்ட மாதிரி இருந்தது எனக்கு.

சரி, அட்ரியானோ. இன்டர் மிலானின் அட்ரியானோ, பிரேசிலின் அட்ரியானோ. இந்த ஆட்டத்தில் அவன் அடியின் பலத்துக்குக் கொடுத்திருந்த எண் 99! இடது காலில் பந்து வந்துவிட்டால் முடிந்தது, 35 கஜத்திலிருந்தும் அடிப்பான், பந்து போகிறதைக் கண் பார்க்காது, வலை ஆடுவதைத்தான் பார்க்கும். நிஜத்திலும் அப்படிப்பட்டவன்தான். 2004 கோபா அமெரிக்கா இறுதியாட்டத்தில் அர்ஜென்டினா ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து நிற்க, 93ஆவது நிமிஷத்தில் சமன் செய்து, பெனால்டிக்குக் கொண்டு போய்க் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போன பாவி. எங்கள் கடையில் எல்லோரும் அவனை எடுக்க ஆரம்பித்ததும் அண்ணன் ஒரு சட்டம் போட்டார். சிலேட்டில் சாக்பீஸால் எழுதிச் சுவரில் மாட்டினார்: "போட்டியில் அட்ரியானோ கிடையாது. மீறினால் காசு திரும்பாது."

போட்டி! 2007 பொங்கல் லீவு. பதினாறு பேர், தலைக்கு 50 ரூபாய், ஜெயித்தவனுக்கு ஒரு மாதம் ஓசி ஆட்டம். நான் எப்படியோ இறுதியாட்டம் வரை வந்துவிட்டேன், அந்தப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது யார் தெரியுமா, எங்கள் பெரியம்மா மகன். என்னைவிட மூன்று வயது பெரியவன். வீட்டில் "அண்ணா" என்றுதான் கூப்பிடுவேன், ஜாய்ஸ்டிக் கையில் இருக்கும்போது மட்டும் "டேய்". அவன் பிரேசில், நான் அர்ஜென்டினா. வேறு எப்படி இருக்க முடியும்?

ஆட்டத்துக்கு முன்னால் ஆட்கள் பட்டியல் வரும், ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் ஓர் அம்பு இருக்கும். அன்றைக்கு அவன் உடம்பு எப்படி, மனசு எப்படி என்பதை அந்த அம்பு சொல்லிவிடும். சிவப்பாக நேரே மேலே பார்த்தால் உச்சம், கீழே தொங்கினால் அவனை நம்பாதே. எனக்கு மெஸ்ஸி அம்பு தொங்கியது. தொங்கட்டும். ரிக்கெல்மேவுக்குப் பாருங்கள், செக்கச்செவேல் என்று, நட்டுவைத்த மாதிரி மேலே! எனக்கு அப்போதே கையில் வேர்த்துவிட்டது, பேன்ட்டில் துடைத்துக்கொண்டேன்.

நாற்காலி பதினைந்துதான், ஆட்கள் முப்பதுக்கு மேல். திரைப் போர்வையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவிலிருந்தும் எட்டிப் பார்க்கிறார்கள். முதல் பாதியில் பிரேசிலின் காக்கா ஒரு கோல். இரண்டாம் பாதி தொடங்கியதுமே கார்னரில் அயாலா தலையால் முட்டி நான் ஒன்று. 1-1. இனிமேல்தான், இனிமேல்தான் பக்கத்தில் வந்து உட்காருங்கள், என் தோளை இடித்துக்கொண்டு உட்காருங்கள். 74ஆவது நிமிஷம். பந்து என் ஆட்களிடம், பின்னால், ஐன்சே காலில். வழக்கமாக நான் உடனே முக்கோணத்தை அழுத்திவிடுகிற அவசரக்காரன். அன்று என்னவோ அழுத்தவில்லை. எக்ஸ். அயாலா. எக்ஸ். மறுபடி ஐன்சே. பெரியம்மா மகன் ரொனால்டீன்ஹோவை விட்டுத் துரத்துகிறான், கிட்டே வரும்போது எக்ஸ், மஸ்கெரானோ. எக்ஸ், சோரின். போக வழியில்லை, பின்னால் திரும்பு, எக்ஸ். பின்னால் நிற்கிற பையன் ஒருத்தன் சத்தமாக எண்ண ஆரம்பித்தான், "ஆறு... ஏழு..." எண்ணாதேடா, திருஷ்டி படும் என்று சொல்ல நினைக்கிறேன், வாய் வரவில்லை. எட்டு. ரிக்கெல்மே. அவன் ஓட மாட்டான், ஓடவும் வராது அவனுக்கு, காலுக்கடியில் பந்தை வைத்துக்கொண்டு உடம்பைக் குறுக்கே கொடுத்து ஒரு நிற்பு, எதிராளி முட்டிப் பார்த்துவிட்டு வழுக்கிப் போகிறான். ஒன்பது. பத்து. இப்போது கடை முழுக்க எண்ணுகிறது, தெருவில் நிற்கிறவன் எண்ணுகிறான், கடைக்கார அண்ணன் கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார், பதினொன்று, பன்னிரண்டு, என் கட்டைவிரல் என்னுடையதாக இல்லை, டீக்கடை டி.வி.யில் ஏழு மாதம் முன்னால் பார்த்தது கண்ணுக்குள் ஓடுகிறது, பதிமூன்று சாவியோலா, பதினாலு காம்பியாசோ, பதினைந்து மறுபடி ரிக்கெல்மே, அங்கே முன்னால் லூசியோவுக்கும் ஜுவானுக்கும் நடுவில் ஒரு சந்து, ஒரு சைக்கிள் போகிற அகலம்தான், முக்கோணம்! பதினாறு! பந்து அந்தச் சந்துக்குள் நூல் கோத்த மாதிரி போகிறது, கிரெஸ்போ கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, திரும்பினால் பறிபோகும், குச்சியைப் பின்னால் இழுத்து எக்ஸ் அழுத்தினேன், அழுத்தினதுதான் நான், குதிகாலால் தட்ட வேண்டும் என்று தீர்மானித்தது அவன், சத்தியமாக அவனேதான், குதிகாலால் தட்டினான்! பதினேழு! ஓடி வருகிறவன் யாரென்று பார்க்கிறேன், மொட்டைத் தலை பளபளக்கிறது, காம்பியாசோ! காம்பியாசோவேதான்! சதுரம், பட்டை பாதிக்கு ஒரு முடி குறைவாக இருக்கும்போதே விட்டுவிட்டேன், இடது கால், கோல்கீப்பர் தீதா பாய்கிறான், கையுறை விரலில் உரசி, கம்பத்தின் உள்பக்கம் பட்டு, ஜாய்ஸ்டிக் என் உள்ளங்கையில் ஒரு தடவை உதறி, உள்ளே!

அப்புறம் எனக்குச் சரியாக நினைவில்லை. யாரோ என்னைத் தூக்கினார்கள். டேபிள் ஃபேன் விழுந்தது. நான் கத்திய கத்தலில் பஜ்ஜிக் கடைக்காரம்மா கரண்டியோடு ஓடி வந்தார், என்னவோ தீப்பிடித்துக்கொண்டது என்று நினைத்து. ஒன்று மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. கோல் விழுந்ததும் ஆட்டம் தானாக ரீப்ளே காட்டும், எப்போதும் எவனாவது பட்டனைத் தட்டித் தாண்டிவிடுவான். அன்று முப்பது பேரில் ஒருத்தரும் தொடவில்லை. பெரியம்மா மகன் தன் ஜாய்ஸ்டிக்கை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டான். குதிகால் தட்டு மெதுவாக வந்தபோது அவனே "இன்னா தட்டுடா இது..." என்று வாய்க்குள் சொன்னது என் காதில் விழுந்தது.

ஆட்டம் முடிய நான்கு நிமிஷம் இருக்கும்போது ரொனால்டீன்ஹோ ஃப்ரீகிக்கில் சமன் செய்தான், பெனால்டியில் நான் தோற்றேன். 2004இல் நடந்த மாதிரியேதான், அட்ரியானோ இல்லாமலேயே! ஒரு மாத ஓசி ஆட்டம் அவனுக்கு. எனக்குக் கடுகளவு வருத்தம் இல்லை. அந்தக் கடைக்கு வந்துபோன பையன்கள் இன்றைக்கு ஆளுக்கொரு திசையில் இருக்கிறார்கள், ஒருத்தன் துபாயில் ஏ.சி. மெக்கானிக், ஒருத்தன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான், எங்கே என்னைப் பார்த்தாலும் பொங்கல் கோப்பையை ஜெயித்தது யார் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. "டேய் பதினேழு" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

கடையை 2010 வாக்கில் மூடிவிட்டார்கள், இப்போது அங்கே செல்போன் ரீசார்ஜ் கடை. நான் சம்பாதிக்க ஆரம்பித்து முதல் தீபாவளி போனஸில் வாங்கியது ஒரு பழைய பிளேஸ்டேஷன் 2, இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு மெமரி கார்டு. கூடவே, வீட்டில் எவ்வளவு சொல்லியும் கேட்காமல், ஒரு பழைய பெட்டி டி.வி. தட்டை டி.வி.யில் போட்டால் பட்டனை அழுத்துவதற்கும் கால் அசைவதற்கும் நடுவில் ஒரு இமைப்பொழுது தாமதம் வருகிறது, அந்த இமைப்பொழுதில்தானே ரிக்கெல்மே இருக்கிறான்! புது ஆட்டங்கள் எத்தனையோ வந்துவிட்டன, புல்லின் நுனி தெரிகிறது, ஆட்டக்காரன் நெற்றியில் வேர்வை முத்து தெரிகிறது, அக்கா மகன் போட்டுக் காட்டுவான், பார்த்து வாய் பிளப்பேன். பத்து நிமிஷம்தான். அப்புறம் அவனை இழுத்து உட்காரவைத்து இந்தப் பக்கம் திருப்புவேன். பார்வையாளர்கள் அட்டையில் வெட்டி ஒட்டின மாதிரி இருக்கிறார்களே மாமா என்றான் முதல் நாள். மூன்றாவது நாள் பள்ளிக்கூடம் விட்டு நேராக என் வீட்டுக்கு வந்தான். இப்போது அவன் காஸ்டோலோவை விற்பதா வேண்டாமா என்று சாப்பிடும்போது கேட்கிறான். நான் பதில் சொல்லவில்லை. அவனே தெரிந்துகொள்ளட்டும்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பெரியம்மா மகன் ஆவடியிலிருந்து வருகிறான், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், முன்மண்டையில் முடி போய்விட்டது, பேச்சில் மட்டும் அப்படியே இருக்கிறான், காலையிலேயே போன் போட்டு "அட்ரியானோ உண்டா இல்லையா, இப்பவே சொல்லிடு" என்றான். உண்டு என்று சொல்லிவிட்டேன். வரட்டும். கீழே பைக் நிற்கிற சத்தம் கேட்கிறது, ஜாய்ஸ்டிக் ஒயர் இரண்டும் பின்னிக் கிடக்கின்றன, சிக்கெடுக்க வேண்டும், ரிக்கெல்மேவின் அம்பு இன்றைக்கு எந்தப் பக்கம் பார்க்கிறதோ.